அறுபத்து நான்கு சுண்ணாம்பு வட்டங்கள்

1

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையதில்லை. கோலார் தங்க வயலிலிருந்து பெங்களூருக்குப் போகும் காலை ரயிலில், எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் சுண்டுவிரல் நகத்தில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. சாயமா என்று கேட்டேன். "இல்லீங்க, பாசி" என்றாள். மாலூர் வரும்வரை அந்தப் பாசியைப் பற்றிப் பேசினாள். மாலூருக்கு அப்புறம் சைலஸைப் பற்றிப் பேசினாள். ஒயிட்ஃபீல்டில் அவள் இறங்கிப் போனபின் நான் நோட்டை எடுத்தேன்.

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

'வானத்தைத் தொட்டு நின்ற அந்த மலையுச்சியில், பச்சைக் கம்பளம் விரித்தாற்போல' — இல்லை. அந்தக் குன்று வானத்தையெல்லாம் தொடவில்லை. ஏறி முடிக்க நாற்பது நிமிடம். கம்பளமும் இல்லை.

'சுரங்கம் மூடப்பட்டபின் அந்த ஊரில்' — இதையும் அடித்துவிட்டேன். இந்த ஊரைப் பற்றி எழுத உட்காருகிற எல்லாருக்கும் கை தானாக அந்த வாக்கியத்துக்குத்தான் போகிறது. சுரங்கம் மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதற்கப்புறமும் இங்கே ஞாயிற்றுக்கிழமைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

மூன்றாவது முயற்சி இது: போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நளினி போளு பெட்டாவின் உச்சிக்குப் போனபோது, அங்கே பாறையெங்கும் சுண்ணாம்புத் தூளால் வட்டங்கள் போட்டிருந்தது.

(போளு பெட்டா என்றால் கன்னடத்தில் மொட்டைக் குன்று. வரைபடத்தில் தேட வேண்டாம். குன்றின் பெயரை மாற்றியிருக்கிறேன்.)

2

ரயிலில் பேசிய அந்தப் பெண்தான் நளினி. நாற்பத்தொரு வயது. தங்க வயலின் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் வீடு. ஒயிட்ஃபீல்டில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வாரத்தில் ஆறு நாள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து ரத்த அணுக்களை எண்ணுகிறாள். ஏழாவது நாள் செடிகளை எண்ணுகிறாள். பாறைக் குன்றுகளின் தலையில் என்னென்ன முளைக்கிறது என்று கணக்கெடுக்கும் ஒரு குழுவில், ஒரு மாதம் போய்ப் பார்ப்போமே என்று சேர்ந்தவள், மூன்று வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறாள்.

கீழேயிருந்து பார்த்தால் பெட்டா வெறும் கல். மேலே போய்க் குனிய வேண்டும். குனிந்தாலும் போதாது, மண்டியிட வேண்டும். கால் வைக்க முடியாமல் கொதிக்கிற அந்தக் கருங்கல்லில் தட்டு அளவுக்கு, பாய் அளவுக்குப் பள்ளங்கள் இருக்கின்றன. பள்ளத்தில் இரண்டு விரல் மண், மிஞ்சினால் நான்கு விரல். ஓரத்தில் கல்லின் நிறத்திலேயே ஒட்டிக் கிடக்கும் கல்பாசி. அதற்கு உள்ளே வெல்வெட் போலப் பச்சைப் பாசி. அதற்கும் உள்ளே எலுமிச்சை வாசமடிக்கும் புல். மழைத்தண்ணீர் கசியும் இடத்தில் அழுகண்ணி. அழுகண்ணி சட்டைப் பொத்தானைவிடப் பெரிதில்லை, சிவப்பு, இலையெல்லாம் பசைத் துளி. அந்த மண்ணில் தின்னச் சத்து இல்லாததால் அது கொசுவைப் பிடித்துத் தின்று பிழைக்கிறது. ஓரடி தள்ளி அடுத்த பள்ளம். அங்கே குடியிருப்பவர்கள் வேறு ஆட்கள்.

"ஒரே லைன்ல பத்து வீடு, பத்துலயும் வேற வேற சமையல் வாசனை வரும் இல்லீங்களா? அந்த மாதிரி" என்றாள் நளினி.

பிளாஸ்டிக் குழாய்களை ஒட்டி ஒரு மீட்டர் சதுரத்தில் ஒரு சட்டம் செய்து வைத்திருக்கிறாள். குறித்து வைத்த ஆறு இடங்களில் அதைப் போட்டு, உள்ளே எத்தனை வகை என்று எண்ணுவாள். அன்றைக்கு மூன்றாம் இடத்தில் சட்டத்தை வைத்தால், அதன் நடுவில் ஒரு வெள்ளை வட்டம். நிமிர்ந்து பார்த்தாள். எண்ணத் தொடங்கினாள். எண்ணுவது அவளுக்குப் பழக்கம். அறுபத்து நான்கு.

ஆடு மேய்க்கும் சம்பங்கி பாறை நிழலில் உட்கார்ந்திருந்தான்.

"யாருப்பா இதெல்லாம் போட்டது?"

"உங்க ஏரியாக்காரருதான்க்கா. வைண்டர் சைலஸ். மரம் நடப்போறாராம். வர்ற சனிக்கெழம சர்ச்சுப் பசங்கள்லாம் வர்றாங்க."

நளினிக்குக் கோபம் வந்த வேகத்திலேயே இறங்கிவிட்டது. வேறு யார் பெயரைச் சொல்லியிருந்தாலும் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

3

[ஒரு பக்கக் குறிப்பு. அந்த உச்சியில் ஒரு புல் இருக்கிறது. கோடையில் செத்துச் சருகாகக் கிடக்கும். ஒரு மழை பெய்தால் மறுநாளே பச்சையாகிவிடும். அறிவியலில் அதை உயிர்த்தெழும் செடி என்கிறார்கள். அடுத்த பகுதியில் ஒரு மரணம் வருகிறது. வீடும் கிறிஸ்தவ வீடு. இந்தப் புல்லை அங்கே கொண்டுபோய் வைக்க என் கை எப்படித் துறுதுறுத்திருக்கும் என்று எழுதுகிறவர்களுக்குத் தெரியும். நளினியிடம் போனில் யோசனை கேட்டேன். "அது பாட்டுக்கு அது புல்லா இருக்கட்டுங்க" என்றாள். இருக்கட்டும்.]

4

சைலஸ் சுரங்கத்தில் வைண்டிங் இன்ஜின் ஓட்டியவர். பூமிக்கு மேலே, இன்ஜின் அறையில் உட்கார்ந்து, ஆட்கள் நிற்கும் கேஜை, ஷாஃப்ட் என்ற செங்குத்துக் குழிக்குள் இறக்குவதும் ஏற்றுவதும் அவர் வேலை. கேஜ் கண்ணுக்குத் தெரியாது. மணிச் சத்தத்தையும், எதிரே சுழன்று ஆழம் காட்டும் முள்ளையும் வைத்தே, ஆறாயிரம் அடிக்குக் கீழே ஒரு சாண் பிசகாமல் நிறுத்துவாராம். இப்போது அறுபத்தேழு வயது. மனைவி ஐடா பள்ளிக்கூட ஆசிரியை. நளினிக்கு ஐந்தாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், பிறகு இரண்டு வீடு தள்ளி அக்கம்பக்கத்துக்காரர். வட்டங்கள் போட்டதற்கு முந்தைய வருட அக்டோபரில் புற்றுநோயில் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது அறுபத்து நான்கு.

(முதல் வரைவில் சைலஸை நான் வில்லனாக எழுதியிருந்தேன். குன்றில் குழி வெட்ட வருகிறவர், அதனால் மீசை, உரத்த குரல், யார் பேச்சையும் கேட்காத பிடிவாதம். பிறகு நேரில் பார்க்கப் போனேன். மீசை இல்லை. குரல் ரொம்பத் தாழ்வு, காதைக் கொண்டுபோய்க் கேட்க வேண்டும். பிடிவாதம் மட்டும் சரியாக ஊகித்திருந்தேன்.)

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்த நளினி, அங்கே மரம் வேண்டாம் என்று சொல்லிவிடும் முடிவோடு அவர் வீட்டுக்குப் போனாள். பின்பக்கம் வரிசையாகக் கறுப்புப் பைகளில் கன்றுகள். புங்கன், வேம்பு, நாவல். ஒவ்வொன்றுக்கும் ஒரு குச்சி. குச்சியோடு கன்றைச் சேர்த்துக் கட்டியிருந்தது துணி நாடாவால். நீலத்தில் வெள்ளைப் புள்ளி. அந்தப் புடவையை நளினிக்கு நன்றாகத் தெரியும். ஐடா டீச்சர் அதைக் கட்டிக்கொண்டு வந்தால் அன்றைக்குப் பரீட்சைத் தாள் கொடுப்பார்கள்.

"வா நளினிம்மா. இன்னா, மூஞ்சி வாடிப் போயி கீது? ரயில்ல சீட்டு கெடைக்கலயா?"

"கெடைச்சுது அங்கிள்."

"சனிக்கெழம லீவு போடுறியா? அறுபத்தி நாலு கன்னு. ஆண்ட்டிக்கு ஒரு வயசுக்கு ஒண்ணு. நீயும் ஒண்ணு நடணும். முப்பத்தஞ்சாவது உன்னுது."

அது என்ன கணக்கு என்று அவள் கேட்டாள்.

"அவளுக்கு முப்பத்தஞ்சு வயசு இருக்கச் சொல்லதான் நீ அவ கிளாசுல இருந்தே. நான் ரிஜிஸ்டர் பாத்து வெச்சிருக்கேன்."

நளினி டீயைக் குடித்தாள். கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற உதவினாள். வீட்டுக்கு வந்துவிட்டாள்.

5

"சொல்லிட்டியா?" என்று மனோகர் கேட்டான். மனோகர் அவள் கணவன். பள்ளம், பாசி எதிலும் அவனுக்கு ஈடுபாடு கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சமையல் அவன்தான்.

"இல்ல."

"ஏன், மரம்தானே? நல்லதுதானே? எல்லாரும் நடு நடுன்னுதான் சொல்றாங்க."

"எல்லா எடத்துலயும் நல்லது இல்லங்க. அங்க மண்ணு நாலு இன்ச். குழி வெட்டுனா அது அப்டியே பாளமா பேந்து வரும். அது சேர எத்தினி நூறு வருஷம் ஆச்சோ. அப்புறம் கீழேருந்து மூட்டையில மண்ணு கொண்டாருவாங்க, அதோட பார்த்தீனியம் வெதையும் வரும். மரம் ரெண்டாவது வெயில்ல காஞ்சிடும். பார்த்தீனியம் காயாது. அழுகண்ணி, நீலப்பூ எல்லாம் போச்சு."

"இத அப்டியே அவருகிட்ட சொல்லு."

"அவரு ஆண்ட்டி பொடவய கிழிச்சுக் கட்டி வெச்சிருக்காரு."

மனோகர், "இங்க ஒக்காந்து சொல்லாத. மேல இட்டுனு போ" என்றான். இந்தக் கதையில் அவன் செய்யும் ஒரே காரியம் இது. ஆனால் இதில்லாமல் கதை நகர்ந்திருக்காது. என்னாலும் நகர்த்தியிருக்க முடியாது.

6

பெட்டாவுக்கு வரும்படி சைலஸைக் கூப்பிட்டுவிட்டு, வியாழக்கிழமை நளினி விடுப்பு எடுத்தாள். காலை ஏழு மணிக்கு சைலஸ் அவள் வீட்டு வாசலில் நின்றார். ஒரு கையில் கடப்பாரை, தோளில் பை. பையிலிருந்து ஒரு நாவல் கன்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"இது எதுக்கு அங்கிள்?"

"சும்னே எதுக்கு வெறுங்கையோட ஏறணும்?"

முந்தைய நாள் மழை. உச்சியில் பள்ளங்களெல்லாம் நிறைந்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் சத்தமில்லாமல் வழிந்துகொண்டிருந்தது. நளினி மூன்றாம் இடத்தில் சட்டத்தை வைத்தாள். பூதக்கண்ணாடியை அவரிடம் கொடுத்தாள்.

"மண்டி போடணும் அங்கிள். முடியுமா?"

"சர்ச்சுல போடறேன் இல்ல."

போட்டார். நளினி ஒவ்வொன்றாகக் காட்டினாள். கல்பாசி இரண்டு வகை. பாசி மூன்று. புல் ஐந்து. கடுகளவு நீலப் பூ. அந்தச் செடியின் அடியில், கண்ணுக்குத் தெரியாத பைகள் இருக்கின்றன. தண்ணீரில் நீந்தும் பூச்சியை உறிஞ்சிக்கொள்ளும். அழுகண்ணியின் இலையில் ஒரு கொசு மாட்டிக் கால் உதைத்துக்கொண்டிருந்தது. சைலஸ் அதையே பார்த்தார்.

"மொத்தம் இருபத்தி மூணு வகை அங்கிள், இந்த ஒரு சதுரத்துல மட்டும்."

"களைதானேம்மா."

"இல்ல அங்கிள்." அவள் பள்ளத்தின் ஓரத்தைக் காட்டினாள். "இங்க மண்ணு வெறும் நாலு இன்ச்சு. இதுல குழி வெட்டுனா..."

"ஆறாயிரம் அடி ஆழத்துக்குக் கேஜ் வுட்டவன்கிட்ட நாலு இன்ச்சப் பத்திப் பேசறியா?"

சொல்லிவிட்டு எழுந்தார். சட்டத்துக்கு வெளியே, வெறும் புல் நிற்பதாகத் தோன்றிய ஒரு திட்டைப் பார்த்துக் கடப்பாரையை இறக்கினார். டங். கை அதிர்ந்து கடப்பாரை துள்ளியது. கொஞ்சம் தள்ளி இன்னொரு முறை. டங். மூன்றாவது முறை அவர் இறக்கவில்லை. கடப்பாரையின் நுனியில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் அளந்து பார்த்தார். மண் ஒட்டியிருந்தது அவர் நடுவிரலின் நீளம்தான்.

"அவதாம்மா சொன்னா" என்றார். "ஊசி போட்டு முடியெல்லாம் கொட்டிப் போச்சு இல்ல? ஜன்னல்கிட்ட ஒக்காந்து இந்தப் பெட்டாவையே பாத்துனு இருப்பா. ஒரு நாள் சொன்னா, அதுவும் என்ன மாதிரியே மொட்டையா கீது, பாவம்னு. சிரிச்சுனுதான் சொன்னா. நான் சிரிக்கல."

7

இங்கே நிறுத்துகிறேன். இரண்டாம் வரைவில் இந்த இடத்துக்கு நான் எழுதிய பதில் இது:

'நளினி அவர் கையைப் பற்றினாள். "அங்கிள், ஆண்ட்டி என்கிட்ட வேற மாதிரி சொன்னாங்க. இந்தப் பெட்டா இப்டி மொட்டையா இருக்கறதுதான் அழகு, இத யாரும் மாத்தக் கூடாதுன்னு சொன்னாங்க." சைலஸின் கண்கள் —'

நன்றாக வந்திருந்தது. அடுத்த இரண்டு பக்கம் நானே அழுதுகொண்டு எழுதினேன். மறுவாரம் ரயிலில் நளினிக்கு வாசித்துக் காட்டினேன். தியாகல் ஸ்டேஷன் தாண்டும்போது வாசித்து முடித்தேன்.

"ஆண்ட்டி அப்டி சொல்லவே இல்லயே."

"கதைதானேம்மா. கொஞ்சம் சேத்துக்கலாம்."

"எனக்கும் அன்னிக்கி இதே பொய் தோணுச்சுங்க. வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லியிருந்தா அந்த நிமிஷமே ஒத்துக்கினு இருப்பாரு. ஆனா ஆண்ட்டி சொன்னதுன்னு அவருகிட்ட மிச்சம் கீறது கொஞ்சம்தான். அதுல நான் எதுக்கு ஒண்ணு கலந்து வுடணும்? நான் சொல்லாதத நீங்க எப்டி என் வாயில போடறீங்க?"

அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டேன். கொஞ்சம் வருத்தம்தான்.

8

உண்மையில் நளினி சொன்னது இவ்வளவே:

"ஆண்ட்டி இன்னா நெனச்சு சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாது அங்கிள். ஆனா இது மொட்டை இல்ல. ஜன்னல்லேருந்து பாத்தா அப்டித் தெரியும்."

சைலஸ் பாறையில் உட்கார்ந்தார். தண்ணீரில் அவர் காலணி நனைந்தது, கவனிக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, பக்கத்துப் பள்ளத்தின் பாசிமேல் உள்ளங்கையை வைத்தார். அழுத்தாமல் வைத்தார். நளினிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாசியை யாரும் தொட அவள் விடுவதில்லை. ஆனால் அவரைத் தடுக்கவில்லை.

"கடைசி மாசம் ஊசிய நிறுத்திட்டாங்க இல்ல" என்றார். "அப்புறம் அவ தலையில திரும்ப வந்துச்சு. பூனமயிரு மாதிரி. பாத்தா தெரியாது. தடவிப் பாத்தாதான் தெரியும். நான் மட்டும்தான் தடவிப் பாத்தேன்."

(இது என் கற்பனையாக இருந்திருந்தால், பொருத்தம் அதிகமாக இருக்கிறது என்று அடித்திருப்பேன். அவர் சொன்னது என்பதால் விட்டுவைக்கிறேன்.)

பிறகு இரண்டு பேரும் சுண்ணாம்பை எடுக்கத் தொடங்கினார்கள். முந்தைய நாள் மழையில் பாதி கரைந்திருந்தது. மீதியை, செடியில் படாமல், நளினியின் பிளாஸ்டிக் ஸ்கேலாலும் அவர் சட்டைப் பையில் இருந்த ஜெப அட்டையாலும் சுரண்டி ஒரு டிபன் பாக்ஸில் சேர்த்தார்கள். மதியம் ஆயிற்று. நடுவில் ஒரு முறை சைலஸ் கேட்டார்:

"அந்தக் கொசு செத்துப் போச்சாம்மா?"

"போயிருக்கும் அங்கிள்."

"உம். அதுவும் சாப்டணும் இல்ல."

9

சனிக்கிழமை சர்ச்சுப் பிள்ளைகள் நாற்பது பேர் மண்வெட்டியோடு குன்றின் அடிவாரத்துக்கு வந்தார்கள். சைலஸ் ஒரு கல்மேல் ஏறி நின்று ஏதோ சொன்னார். குரல் தாழ்வு என்பதால் பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. முன்னால் இருந்தவர்கள் திருப்பிச் சொன்னார்கள்: மேலே வேண்டாம், மேலே ஆள் இருக்கிறது. அப்படித்தான் சொன்னாராம். பிள்ளைகளுக்கு ஏமாற்றம். லவினா என்ற பெண், "அங்கிள், பேனர்ல பெட்டா படம் போட்டு அடிச்சாச்சு, இப்போ இன்னா பண்றது?" என்று கேட்டாள். நோயல் என்பவன் முணுமுணுத்துக்கொண்டு அப்போதே வீட்டுக்குப் போய்விட்டான்.

கன்றுகள் கல்லறைக்குப் போகும் சாலையிலும், லைன் வீடுகளின் ஓரத்திலும், பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டியும் போயின. நளினி தன் முப்பத்தைந்தாவதைப் பள்ளிக்கூடத்தில் நட்டாள். இந்த வருடக் கணக்குப்படி பதினான்கை ஆடு தின்றுவிட்டது, மூன்றை யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மற்றவை நிற்கின்றன. சைலஸ் தினமும் காலையில் ஒரு சுற்று போய், நாடா இறுகியிருக்கும் இடங்களில் தளர்த்திவிட்டு வருகிறார்.

அன்றைக்கு நட்டவை அறுபத்து மூன்று.

10

மீதி ஒன்று எங்கே என்பதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி என்பதால், வியாழக்கிழமைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

சுண்ணாம்பு எடுத்து முடிந்தபின், சைலஸ் தயங்கினார். "ஒண்ணு சொல்லணும்" என்றார். "ஒரு குழி நான் முன்னாடியே வெட்டிட்டேன். திங்கக்கெழம. தனியா வந்து."

குன்றின் மேற்குப் பக்கம் கூட்டிப்போனார். அவர்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்த பக்கம். பாறை அங்கே பிளந்திருந்தது. பிளவுக்குள் மண் இருந்தது, ஒன்றரை அடிக்குக் கடப்பாரை இறங்கியிருந்தது. குழியின் வாயில் பாசிப்பாளம் கிழிந்து மடங்கிக் கிடந்தது. மடிப்பில் நான்கைந்து அழுகண்ணிகள் தலைகீழாக. குழியில் மழைத்தண்ணீர்.

"இத மூடிடட்டுமா? இல்ல..." அவர் முடிக்கவில்லை. பையை முன்னால் கொண்டுவந்தார். "இங்க வருமாம்மா, ஒண்ணே ஒண்ணு?"

நளினி குழியைப் பார்த்தாள். கற்றுக்கொண்டதையெல்லாம் நினைத்துப் பார்த்தாள். பிளவுகளில் மரம் பிழைப்பதுண்டு. அடுத்த குன்றில் ஓர் அத்தி அப்படி நிற்கிறது. பாளத்தைத் திரும்ப மடித்து வைத்தால் அதுவும் வேர் பிடிப்பதுண்டு. இரண்டையும் அவள் அவரிடம் சொன்னாள். "எது நடக்கும்னு எனக்குத் தெரியாது அங்கிள். நெஜமா தெரியாது."

பிறகு, "நான் நாலாவது எடத்த எண்ணிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, நாற்பதடி தள்ளிப் போய், அவருக்கு முதுகு காட்டி மண்டியிட்டாள்.

திரும்பி வரும்போது பை அவர் தோளில் இருந்தது. வாய் மூடிக் கட்டியிருந்தது. அது கனத்ததா என்று அவள் பார்க்கவில்லை. அதற்கப்புறம் ஒரு வருடமாக அவள் மேற்குப் பக்கம் போகவில்லை. அறுபத்து நான்காவது கன்று எங்கே என்று அவரைக் கேட்கவும் இல்லை. நானும் கேட்கவில்லை. அவர் வீட்டில் இரண்டு மணி நேரம் இருந்தேன், டீ குடித்தேன், வைண்டிங் இன்ஜின் பிரேக்கைப் பற்றி ஒரு நோட்டு முழுக்க எழுதிக்கொண்டேன். அதைக் கேட்க வாய் வரவில்லை.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் நடுகிறார். ஒன்றில் பாளத்தை மடித்து வைத்துத் தட்டிக்கொடுக்கிறார். மூன்றாவதில் — அதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஒரு மயில் வருகிறது. மூன்றையும் எடுத்துவிட்டேன். ஒருவர் தனியாக இருக்கட்டும் என்று இன்னொருவர் எழுந்து போனபின், கதை எழுதுகிறவன் மட்டும் அங்கேயே நின்று எட்டிப் பார்ப்பது சரியாகப் படவில்லை.

ஆகவே நானும் நளினி பக்கம் வந்துவிட்டேன். அவள் சட்டத்துக்குள் விரலை ஓட்டி வாய்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாள். பதினேழு. பதினெட்டு. வேண்டுமென்றே மெதுவாக எண்ணுகிறாள். பின்னால் சைலஸ் மண்டியிடும் சத்தம் கேட்கிறது, கூடவே தண்ணீர் சலசலப்பும். எங்கள் இரண்டு பேர் முகமும் கிழக்கே இருக்கிறது.

நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து அந்தப் பக்கம் தெரியும். பாருங்கள். பார்த்ததை எங்களிடம் சொல்ல வேண்டாம்.